தவாங்குக்குப் போன மேஜர்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் நண்பர்களோடு தவாங் சென்று வந்தார். கைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர், ஓர் அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகை வந்ததும் நிறுத்தினார். "மாமா, இங்கே ஒரு மேஜர் பேர்ல மியூசியம் வச்சிருக்காங்க. அவர் அசிஸ்டெண்ட் பொலிட்டிக்கல் ஆஃபீசராம். மிலிட்டரிக்காரர் எப்படி பொலிட்டிக்கல் ஆவார்? கட்சியில சேர்ந்துட்டாரா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. உத்தியோக நிமித்தம் நான் முதன்முதலில் தேஜ்பூர் போய் இறங்கியபோது, அலுவலகத்துப் பழைய ஆட்கள் வாய்க்கு வாய் "பி.ஓ. சாப், பி.ஓ. சாப்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு, முதலில் போஸ்ட் ஆபீஸ் என்றும், பிறகு வங்கியின் ப்ரொபேஷனரி ஆஃபீசர் என்றும் நினைத்துக்கொண்டவன் நான். ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக நம் சங்க அன்பர்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

தமிழில் 'அரசியல்' என்றதும் நமக்குக் கட்சியும் கொடியும் தேர்தலும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கில ஆட்சியின் அலுவலகச் சொல்வழக்கில் 'பொலிட்டிக்கல்' என்பதற்குப் பொருளே வேறு. நேரடியாக ஆளும் ஜில்லாவுக்குக் கலெக்டர். நேரடியாக ஆளாத இடங்களுக்கு, அதாவது சமஸ்தானங்கள், மலைக்குடிகள், அண்டை நாடுகள் ஆகியவற்றுக்கு, பொலிட்டிக்கல் ஆஃபீசர். கலெக்டருக்குக் கையில் சட்டம் இருந்தது. இவருக்குக் கையில் இருந்தது பேச்சு. பேச்சு எடுபடாவிட்டால் பின்னால் நிற்கும் படை.

இந்த வேலைக்கு ஐ.சி.எஸ்.காரர்களைவிட ராணுவ அதிகாரிகளைத்தான் அதிகம் எடுத்தார்கள். நமக்கு இது புதிதல்ல. தஞ்சாவூர் அரண்மனைக்கு ரெசிடெண்டாக இருந்து புதுக்கோட்டை விவகாரங்களையும் பார்த்துக்கொண்ட பிளாக்பர்ன் ஒரு மேஜர். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் சேர்ந்தே இருந்த மன்றோ ஒரு கர்னல். ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆலோசனை' சொல்வதுதான் இவர்கள் வேலை. அந்த ஆலோசனையைத் தட்டினால் என்ன ஆகும் என்பது ராஜாவுக்குத் தெரியும்.

வடகிழக்கு எல்லையிலும் இதே கதைதான். 1914-ல் சிம்லா மாநாட்டின்போது வரைபடத்தில் கோடு இழுத்த மெக்மோகன் ராணுவத்திலிருந்து பொலிட்டிக்கல் துறைக்கு வந்தவர். அந்தக் கோட்டுக்கு வேண்டிய விவரங்களை 1913-ல் கால்நடையாகப் போய்ச் சேகரித்த பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் ராணுவக் கேப்டன்கள். பெய்லி பின்னாளில் சிக்கிமில் பொலிட்டிக்கல் ஆஃபீசராக இருந்தார். கோடு போட்டார்களே தவிர, அந்தக் கோடு வரை போய் ஆள யாரும் அவசரப்படவில்லை. தவாங் இந்தியப் பக்கம் என்று வரைபடம் சொன்னது. வரி வசூலித்தது திபெத்தின் சோனா என்ற ஊரிலிருந்து வந்த 'ஜோங்பென்' எனப்படும் அதிகாரிகள். 1938-ல் கேப்டன் லைட்ஃபுட் என்ற பொலிட்டிக்கல் ஆஃபீசர் ஒரு சிறு படையோடு தவாங் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேலே நிரந்தரமாக ஆள் வைக்க வேண்டும் என்றார். பணம் செலவாகும் என்று சர்க்கார் பேசாமல் இருந்துவிட்டது. இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின.

இனி நம் மேஜருக்கு வருகிறேன். பெயர் ராலெங்நாவ் காத்திங். பாப் காத்திங் என்றால்தான் ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். 1912-ல் மணிப்பூரின் உக்ருல் மலைப்பகுதியில் தாங்குல் நாகா குடும்பத்தில் பிறந்தவர். குவாஹாத்தியின் காட்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு மலைக்கிராமத்துப் பையன் பி.ஏ. வரை போவது எளிய காரியமில்லை. படித்து முடித்ததும் அவர் தேடிப்போனது சர்க்கார் உத்தியோகத்தை அல்ல. ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரானார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்த காரியங்களில் ராணுவக்காரர் பாதி, வாத்தியார் பாதி என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலகப்போர் அவரை ராணுவத்துக்கு இழுத்தது. பின்னாளில் குமாவுன் ரெஜிமெண்ட் என்று பெயர் மாறிய 19-ஆம் ஐதராபாத் ரெஜிமெண்டில் கமிஷன் பெற்றார். ஜப்பானியர்கள் பர்மாவைப் பிடித்துக்கொண்டு மணிப்பூர் எல்லைக்கு வந்தபோது, எதிரியின் பகுதிக்குள் புகுந்து ஒற்றறிவதற்காக 'வி ஃபோர்ஸ்' என்று ஒரு பிரிவை அமைத்தார்கள். காத்திங்கை அதில் சேர்த்தார்கள். 1944-ல் போர் நடந்தது அவருடைய சொந்த ஊரைச் சுற்றி. தாங்குல் கிராமத்தார்போலத் தலைமுடியை வெட்டிக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜப்பானியர் காவலுக்குள்ளேயே நடமாடினார் என்று சொல்வார்கள். போர் முடிந்தபோது மிலிட்டரி கிராஸ், எம்.பி.இ. என்று இரண்டு விருதுகள் அவர் பெயருக்குப் பின்னால் சேர்ந்திருந்தன.

அடுத்த நாலைந்து வருடங்கள்தான் இந்த வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவை. போருக்குப் பின் மணிப்பூர் மகாராஜா அவரை அழைத்து, இடைக்கால ஆட்சியில் மலைப்பகுதிகளுக்கு அமைச்சராக்கினார். 1948-ல் மணிப்பூரில் வயதுவந்தோர் வாக்குரிமையோடு தேர்தலே நடந்தது. இந்தியக் குடியரசில் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு! அந்த ஆட்சியிலும் காத்திங் அமைச்சர். 1949 செப்டம்பரில் மகாராஜா போதசந்திரர் ஷில்லாங்கில் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 15 முதல் மணிப்பூர் இந்தியாவுடன் இணைந்தது. சட்டசபை கலைந்தது, அமைச்சரவை கலைந்தது. காத்திங்கின் பதவியும் போயிற்று.

இப்படிப் பதவி போனவர் என்ன செய்வார்? கசப்போடு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிக் கசந்தவர்கள் மணிப்பூரில் உண்டு. அந்தக் கசப்புக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காத்திங் அஸ்ஸாம் ரைபிள்ஸில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1950 ஆகஸ்ட் 15 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பம் வந்தபோது அந்தப் படையில்தான் இருந்தார். பிறகு அசிஸ்டெண்ட் பொலிட்டிக்கல் ஆஃபீசர். நேற்று அமைச்சர், இன்று 'அசிஸ்டெண்ட்'. நம் ஆபீசில் ஒரு நாற்காலி தள்ளிப் போட்டால்கூட எத்தனை மெமோ எழுதுகிறோம்!

1950 அக்டோபரில் சீனப்படை கிழக்குத் திபெத்துக்குள் நுழைந்து சாம்டோவைப் பிடித்தது. நவம்பர் 7-ஆம் தேதி சர்தார் பட்டேல் வடக்கு எல்லை பற்றிய தம் கவலையை விரிவாகக் கடிதமாக எழுதி நேருவுக்கு அனுப்பினார். டிசம்பர் 15-ல் பட்டேல் மறைந்தார். தவாங்கை இனியும் வெறும் கோடாக விட்டுவைக்கக் கூடாது என்ற நிலை வந்தது. அப்போது அஸ்ஸாம் கவர்னர் ஜெயராம்தாஸ் தௌலத்ராம். வேலை காத்திங்கிடம் வந்தது.

1951 ஜனவரி 17-ஆம் தேதி, தேஜ்பூருக்கு வடக்கே உள்ள லோக்ராவிலிருந்து புறப்பட்டார்கள். அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்கள் ஏறக்குறைய 200 பேர், சுமை தூக்குபவர்கள் 600 பேர். இந்த விகிதம் பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு வியப்பில்லை. போர்ட்டர் கூலிப் பட்டியல்களில் வரிசை வரிசையாகக் கைநாட்டுகளைப் பார்த்துப் பழகியவன். நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணூறு வாய். ஆளுக்கு முக்கால் கிலோ தானியம் என்றாலும் நாளைக்கு அறுநூறு கிலோ. ஒருவர் முதுகில் இருபத்தைந்து கிலோ என்றால் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மூட்டை தீர்ந்துபோகும். மூன்று வார நடைக்கு ஐந்நூறு மூட்டை வயிற்றுக்கே சரி. கூடாரம், மருந்து, தோட்டா எல்லாம் மிச்சம் நூறு முதுகில் ஏற வேண்டும். ஆகவேதான் வழியில் திராங் ஜோங்கில் நாலு நாள் தங்கி, விமானத்திலிருந்து போடப்பட்ட உணவுப்பொருளை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. சாலை கிடையாது. இன்று சுரங்கப்பாதை வழியாகக் காரில் போகும் சேலா கணவாய் ஏறத்தாழ 13,700 அடி உயரம். அவர்கள் பிப்ரவரிப் பனியில் மலையேறிப் போனார்கள்.

ஜனவரி 26-ஆம் தேதி திராங் ஜோங்கில் கொடியேற்றி, எல்லோருக்கும் 'படாகானா' விருந்து நடந்தது. குடியரசுக்கு அன்றுதான் முதல் ஆண்டு நிறைவு. பிப்ரவரி முதல் வாரக் கடைசியில் தவாங்கை அடைந்தார்கள்.

போன உடனே அவர் பீரங்கி மேடை கட்டவில்லை. இரண்டு நாள் சுற்றி அலைந்து இடம் தேடினார். படைக்கும் அலுவலகத்துக்கும் கட்டடம் கட்ட இடம் வேண்டும். கூடவே விளையாட்டு மைதானத்துக்கும் சமதரை வேண்டும் என்று பார்த்தார். சொன்னேனே, வாத்தியார் பாதி என்று. மடாலயத்துக்கு வடகிழக்கே ஓர் இடம் தேர்வாயிற்று. திபெத்திய அதிகாரிகளைப் பேச்சுக்கு அழைத்தார். அவர்கள் தயங்கினார்கள், நாள் கடத்தினார்கள். லாசாவிலிருந்து உத்தரவு இல்லாமல் அவர்கள்தாம் என்ன செய்வார்கள்? உடனே காத்திங் கேப்டன் லிம்புவிடம் சொல்லி, துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திய வீரர்களைத் தவாங்கைச் சுற்றி அணிவகுத்து நடக்கச் செய்தார். ஒரு குண்டும் சுடவில்லை. அன்று மாலையே அதிகாரிகளும் மடாலயத்துப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பும்லா மலைத்தொடருக்குத் தெற்கே இனி சோனா ஜோங்பென்களுக்கு அதிகாரமில்லை என்று அறிவிப்பு ஆயிற்று. வரியும் கட்டாய உழைப்பும் சுமந்துகொண்டிருந்த மோன்பா மக்களிடம், இனி ஜோங்பென்களுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். கிராமந்தோறும் 'காவ்(ன்)பூரா' என்ற கிராமத் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மடாலயத்தின் வழிபாட்டிலும் வழக்கத்திலும் யாரும் கைவைக்கவில்லை.

இதைப் படித்தால் எளிதாகத் தோன்றும். சுடாமல் முடிந்தது என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. யாரோ ஒரு வீரர் பயத்தில் விசையை இழுத்திருந்தால், மடாலயத்தின் துறவிகளும் மோன்பா மக்களும் அன்றே எதிரிகளாகியிருப்பார்கள். இருநூறு பேர் பனிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். எப்போது படையைக் காட்டுவது, எப்போது காட்டியதை உறைக்குள் போடுவது என்பதுதான் பொலிட்டிக்கல் ஆஃபீசரின் முழு வித்தையும்.

லாசா ஆட்சி தில்லிக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. தில்லி அசையவில்லை. நேருவுக்கே தெரியாமல் கவர்னரும் மேஜரும் செய்த காரியம் என்றும், பிரதமர் காத்திங்கைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. விமானத்தில் உணவு போட ஏற்பாடு செய்த ஒரு பயணம் தில்லிக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்பதைக் கணக்குக்காரன் நான் நம்பத் தயங்குகிறேன்.

காத்திங்கைப் போன்றவர்கள் இன்னும் பலர் தேவை என்று சர்க்கார் உணர்ந்ததன் விளைவுதான் இந்திய எல்லைப்புற நிர்வாகப் பணி. ஐம்பதுகளில் உருவான இந்தப் பணிக்கு எழுத்துத் தேர்வை நம்பாமல், ராணுவம் முதலான பணிகளில் இருந்தவர்களிலிருந்து நேர்காணல் செய்து பொறுக்கி எடுத்தார்கள். நம் பக்கத்து தலச்சேரிக்காரரான விமானப்படை விங் கமாண்டர் மூர்க்கோத்து ராமுண்ணி இதில் சேர்ந்து நாகா மலைகளில் பணியாற்றியவர். லட்சத்தீவின் நிர்வாகியாகவும் இருந்தவர். நாள் கணக்கில் நடக்க வேண்டும், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். 1968-ல் இந்தப் பணியை ஐ.ஏ.எஸ்.ஸோடு சேர்த்துவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் தவாங்கைப்போல நடந்துவிடவில்லை. 1953 அக்டோபரில் தாகின் மக்கள் வாழும் அச்சிங்மோரியில், விருந்தாளிகளாக வரவேற்கப்பட்ட அஸ்ஸாம் ரைபிள்ஸ் அணி ஒன்று தாக்கப்பட்டது. மேஜர் ரிபுதமன் சிங் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிராமங்கள்மீது குண்டு போட வேண்டும் என்று குரல் எழுந்தது. அப்போது கவர்னருக்கு ஆலோசகராக இருந்த நரி ருஸ்தம்ஜி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அதை எதிர்த்தார். நேருவும் குண்டுவீச்சுக்கு இடம் தரவில்லை. படை போனது, குற்றவாளிகளைப் பிடித்தது, விசாரணை நடத்தித் தண்டனை கொடுத்தது. ஊர்களை எரிக்கவில்லை. 1966 மார்ச்சில் ஐஜால் நகரத்தின்மீது விமானத்திலிருந்து குண்டு போட்டபோது அந்தப் பாடம் யாருக்கும் நினைவில்லை. அதன் பிறகு மிசோரத்தில் அமைதி வர இருபது ஆண்டுகள் ஆயின.

காத்திங்குக்கும் தவாங்கைவிடக் கடினமான இடம் ஒன்று காத்திருந்தது. நாகா மலைகளில் கிளர்ச்சி மூண்டிருந்த காலத்தில் மொக்கோக்சுங்கில் டெபுடி கமிஷனர். மோன்பாக்களிடம் அவர் அயலார், பேசிப் பழகலாம். மொக்கோக்சுங்கில் அவர் நாகா, எதிரே நிற்பவரும் நாகா. ஒரு பக்கம் சர்க்காரின் ஆள் என்ற பழி, மறுபக்கம் தில்லியின் சந்தேகம். ராணுவம் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்தால் முறையிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள் தன் இனத்தார். உத்தரவு போடுபவன் தன் சர்க்கார். இந்த நிலையில் ஒரு மனிதர் இரவில் எப்படித் தூங்கினார் என்பதைப் பற்றி எந்தக் கோப்பிலும் குறிப்பு இருக்காது. 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதன் பிறகு சிக்கிமில் வளர்ச்சி ஆணையர், 1967 முதல் நாகாலாந்தின் தலைமைச் செயலாளர், 1972 முதல் 1975 வரை பர்மாவில் இந்தியத் தூதர். மலைக்குடியில் பிறந்து இந்தியத் தூதரான முதல் மனிதர் அவர்தான். எந்தப் பர்மா எல்லையில் மாறுவேடத்தில் ஒளிந்து நடந்தாரோ, அந்த நாட்டின் தலைநகருக்கே கொடி கட்டிய காரில் போய் இறங்கினார். 1990 ஜனவரியில் காலமானார்.

தவாங்கில் அவர் நட்டுவிட்டு வந்த அலுவலகத்துக்கு 1959 மார்ச் 31-ல் ஒரு பெரிய வேலை வந்தது. லாசாவிலிருந்து தப்பி வந்த தலாய் லாமா எல்லையைத் தாண்டியபோது வரவேற்கக் காத்திருந்தவர், அந்நாளைய அசிஸ்டெண்ட் பொலிட்டிக்கல் ஆஃபீசர் டி.எஸ். மூர்த்தி. எட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே அப்படி ஒரு நாற்காலியே இல்லை. 1962 அக்டோபரில் சீனப்படை தவாங்கைப் பிடித்ததும், போர்நிறுத்தத்துக்குப் பின் திரும்பிப் போனதும் நம் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த இடைவெளியில் மோன்பா மக்கள் யார் பக்கம் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். சீனர்கள் போனதும் நிர்வாகம் மீண்டும் அங்கே போய் உட்கார முடிந்தது.

இவ்வளவையும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்த இளைஞருக்குச் சொல்லி முடித்தேன். "அப்போ இத்தனை நாள் ஏன் மாமா இவர் பேரே கேள்விப்படலை?" என்றார். தவாங்கில் அவருக்கு நினைவுச்சின்னம் திறந்ததே 2021 பிப்ரவரியில், அதாவது எழுபது ஆண்டுகள் கழித்து என்றேன். இவர் பார்த்து வந்த அருங்காட்சியகம் 2024 அக்டோபர் 31, பட்டேல் பிறந்தநாளன்று திறக்கப்பட்டது. படத்தைப் பெரிதாக்கி மேஜரின் முகத்தைக் காட்டச் சொன்னேன். பலகையை மட்டும்தான் எடுத்திருந்தார். அடுத்த தடவை போகும்போது எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.